தலைப்பிரட்டை வளர்ப்போம், கொசுவை அல்ல!

மழைக்காலத்தில் ஸ்ரீ கெம்பாங்கான் வீடமைப்புப் பகுதிகளில் சில நாள் தேங்கிய நீரைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா, மாணவர்களே? கறுப்புப் பொட்டுகள் வாலை ஆட்டியபடி கூட்டமாகத் திரியும். அவை மீன் குஞ்சுகள் அல்ல, தேரையின் தலைப்பிரட்டைகள். வாளியிலோ குட்டையிலோ நீருக்கு மேல் வெள்ளை நுரை ஒட்டியிருந்தால், அது மரத்தவளையின் கூடு. முட்டைகள் அந்த நுரைக்குள் இருக்கும். பொரித்த குஞ்சுகள் கீழே உள்ள நீரில் விழும்.

குளிர் நாடுகளில் சிலர் வீட்டிலேயே நியூட் குஞ்சுகளை வளர்க்கிறார்கள். நியூட் பல்லியைப் போல் வால் உள்ளது, தவளைக்கு உறவு. அதன் குஞ்சுக்குக் கழுத்தோரம் இறகு போன்ற செவுள்கள் இருக்கும். முன்னங்கால்கள்தான் முதலில் முளைக்கும். மலேசியக் காடுகளில் நியூட் இல்லை. பெரும்பாலான நியூட் வகைகளுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். 30 பாகை செல்சியஸ் வரை சூடேறும் நம் வீட்டு நீர் ஒத்துவராது. நமக்குத் தலைப்பிரட்டையே போதும்.

தொடங்குவது எப்படி?

வற்றப்போகும் குட்டையிலிருந்து ஐந்தாறு குஞ்சுகளை மட்டும் எடுங்கள். எலிச் சிறுநீர் கலக்கும் கால்வாய் நீரில் கை வைக்காதீர்கள். அகலமான தொட்டியை நிழலில் வையுங்கள். குழாய் நீரில் குளோரின் உண்டு. ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். வேகவைத்த கீரையைச் சிறிதளவு போடுங்கள். மிச்சம் கிடந்தால் நீர் கெட்டுவிடும், உடனே எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள்.

கடைசி வாரம் கவனம்

முதலில் பின்னங்கால்கள், பிறகு முன்னங்கால்கள். தேரைக் குஞ்சுக்கு இதற்கு ஒரு மாதத்திற்கு மேல் ஆகலாம். முன்னங்கால் வெளிவந்ததும் செவுள் மறைந்து நுரையீரல் வேலை செய்யத் தொடங்கும். இவ்வளவு நாள் நீரில் வாழ்ந்த உயிர், ஏறி உட்கார இடமில்லாவிட்டால் அதே நீரில் மூழ்கி இறந்துவிடும். ஆசையாய் வளர்த்த பலர் ஏமாறுவது இங்கேதான். ஒரு கல்லைச் சரிவாக வைத்து நீரின் ஆழத்தைக் குறையுங்கள். வால் சுருங்கும் நாள்களில் அது உண்ணாது; வாலில் உள்ள சத்தே அதற்கு உணவு. பயந்துபோய் உணவைக் கொட்டாதீர்கள்.

ஏடிஸ் எச்சரிக்கை

தேங்கிய நீர் என்றாலே டிங்கி பயம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். வீட்டில் கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அபராதம் விதிக்கப்படலாம். தலைப்பிரட்டை கொசுப்புழுவைத் தின்றுவிடும் என நம்பி இருக்காதீர்கள். தொட்டியின் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டுங்கள். நெளியும் புழு தென்பட்டால் அன்றே வடிகட்டி எடுங்கள். புகையடிக்க வருகிறார்கள் என்றால் தொட்டியை வீட்டுக்குள் கொண்டுபோய் மூடிவையுங்கள். அந்த மருந்து நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு.

எடுத்த இடத்திலேயே விடுங்கள்

வால் மறைந்த குட்டித் தேரையை எடுத்த இடத்திற்கு அருகிலேயே, ஈரமான புல்வெளியில் விடுங்கள். வேறு ஊர்க் குளத்தில் விட்டால் நோயும் சேர்ந்து போகலாம். நெதர்லாந்தில் சாலமண்டர்களைக் கூட்டமாக அழித்த ஒரு பூஞ்சையை 2013இல் அறிவியலாளர்கள் அடையாளம் கண்டனர். வளர்ப்புப் பிராணி வணிகத்தின் வழி ஆசியாவிலிருந்து அது சென்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. தொட்டியைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் வரைந்து வாருங்கள். என்றைக்குக் கால் முளைத்தது, என்றைக்கு வால் மறைந்தது? பாடநூலில் ஒரு பக்கப் படமாகப் பார்த்த வாழ்க்கைச் சுழற்சியை, இம்முறை நீங்களே எழுதியிருப்பீர்கள்.