படியேறும் விமானம்

வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தால், திருவனந்தபுரத்தில் எங்கள் ஆரியசாலையிலிருந்து சென்னையும் மாலத்தீவின் தலைநகரான மாலேயும் ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டுமே 600 கிலோமீட்டரை ஒட்டி வரும். சென்னைக்கு ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போகிறது. மாலேவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம் போதும். வைத்தியத்துக்காக வரும் 'மாலிக்காரர்கள்' திருவனந்தபுரத்துக்குப் பழகிய முகங்கள். அவர்கள் ஊருக்குப் போக வேண்டும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியது, அதுவும் கடற்கரைக்காக அல்ல.

மொட்டைமாடியில் நின்று, இறங்கும் விமானத்தின் வாலைப் பார்த்தே கம்பெனியின் பெயரைச் சொல்லும் வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் ஓடுதளத்தைக் குறுக்கே கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகட்டும் என்று வருஷத்தில் இரண்டு நாள் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவைக்கும் ஊர் எங்களுடையது. அந்த ஊர்க்காரனுக்கு, ஓடுதளமே இல்லாமல் தண்ணீரிலிருந்து எழும்பும் விமானம் ஒன்றை உள்ளே உட்கார்ந்து பார்க்க ஆசை வராதா?

அதன் பெயர் ட்வின் ஓட்டர். ஓட்டர் என்றால் நீர்நாய். கனடாவின் டி ஹாவிலண்ட் கம்பெனிக்குத் தன் விமானங்களுக்கு அந்நாட்டு விலங்குகளின் பெயர் வைப்பதில் பிரியம். பீவர், ஓட்டர், காரிபு என்று வரிசையாக வைத்தார்கள். ஓட்டரின் அடுத்த தலைமுறைக்கு இரண்டு இன்ஜின்; அதனால் ட்வின். 1965 மே மாதம் முதலில் பறந்தது. 1988-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். ஆனால் அதன் வேலையை எடுத்துச் செய்ய வேறு விமானம் கிடைக்கவில்லை. 2010-இல் புதிய ட்வின் ஓட்டர்கள் மீண்டும் வரத் தொடங்கின. எங்கள் ஊருக்கும் இந்தக் குடும்பத்தோடு பழைய உறவு உண்டு. 1935-இல் திருவனந்தபுரத்துக்கும் பம்பாய்க்கும் இடையே தபால் சுமந்த டாடாவின் குட்டி விமானம் ஃபாக்ஸ் மாத். இங்கிலாந்திலிருந்த தாய்க் கம்பெனியான டி ஹாவிலண்ட் செய்தது.

மாலே விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றித் தீவின் மறுபக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே மரத்தளங்களை ஒட்டி, ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பதுபோல ஓட்டர்கள் வரிசையாக மிதந்தன. விமானிக்கு வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, அரைக்கால் சட்டை. காலில் செருப்பில்லை. ஈரமான மிதவைமேல் நடக்க வெறுங்காலைவிட நல்ல பிடி வேறில்லை.

விமானத்தின் அடியில் சக்கரங்களுக்குப் பதில் இரண்டு நீள மிதவைகள். ஒவ்வொன்றும் மூடிய படகுதான். உள்ளே தண்ணீர் புகாத தடுப்பு அறைகள்; குறைந்தது நான்கு இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு மிதவையும் சேர்ந்து விமானத்தின் முழு எடையைப்போல 1.8 மடங்கைத் தாங்க வேண்டும் என்பது இன்னொரு விதி. தாங்குவதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை, தோணி செய்கிற வேலைதான். சூட்சுமம் எல்லாம் தண்ணீரைவிட்டு வெளியே வருவதில்.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். குழாயைத் திறந்து, கரண்டியின் முதுகை ஒழுகும் தண்ணீரில் லேசாகத் தொடவிடுங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளும் என்று நினைப்போம். அது இழுக்கும். வளைந்த பரப்பில் ஓடும் தண்ணீர் அதைவிட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொண்டு ஓடுவதால் வரும் வினை. மிதவையின் அடிப்பாகம் படகைப்போல வழவழவென்று வளைந்து முடிந்தால், இதே இழுவை ஐந்தரை டன் விமானத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் விமானம் மேலே வராது.

அதற்குக் கண்டுபிடித்த பரிகாரம் எளிமையானது. மிதவையின் அடியில், பாதி நீளத்தைச் சற்றுத் தாண்டி, வாசற்படியைப்போல ஒரு வெட்டு. முன்பாதியை ஒட்டி வரும் தண்ணீர் அந்தக் கூரான விளிம்புக்கு வந்ததும் வளையத் தெரியாமல் பிரிந்துவிடும். பின்பாதிக்கு அடியில் காற்று புகும். தரையில் ஒட்டிய ஈர வாழையிலையின் ஓரத்தைத் தூக்கினால் மொத்த இலையும் வருகிறதே, அதுபோல.

என் இருக்கையிலிருந்தே இதை உணர முடிந்தது. முதலில் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதது விமானம், ஜன்னலெல்லாம் நுரை. சில வினாடிகளில் மூக்கு தாழ்ந்து, குலுக்கல் மாறி, தண்ணீரின் மேல்தோலில் மட்டும் வழுக்கத் தொடங்கியது. படிக்கு முன்னால் உள்ள சிறு பகுதி மட்டுமே இப்போது தண்ணீரில். 'படியேறிவிட்டது' என்பார்கள் விமானிகள். ரெக்கை மீதி எடையை வாங்கிக்கொள்ள, அரை நிமிஷத்துக்குள் குலுக்கல் சட்டென்று நின்றது. கீழே பவளத் திட்டின் பச்சை.

காற்றும் அலையும் அடங்கி, கண்ணாடியாகக் கிடக்கும் கடல்தான் விமானிக்கு நல்லது என்று நினைத்திருந்தேன். தலைகீழ். அசையாத தண்ணீர் மிதவையை எளிதில் விடாது. சிற்றலை இருந்தால்தான் அடியில் காற்று நுழையும். சிலசமயம் விமானத்தைத் தண்ணீரிலேயே ஒரு சுற்று ஓட்டி, தானே அலை எழுப்பிக்கொள்வதும் உண்டு. இறங்கும்போது இன்னும் மோசம். கண்ணாடித் தண்ணீரில் உயரம் கண்ணுக்குத் தெரியாது. மூக்கை ஒரே நிலையில் வைத்து, மெல்ல மெல்லத் தாழ்ந்து, தொடும்வரை காத்திருக்க வேண்டும்.

தொட்ட பிறகு பிரேக் கிடையாது. விசிறியின் இதழ்களைத் திருப்பிக் காற்றை முன்பக்கம் தள்ளுவதுதான் பிரேக். ஒரு பக்கம் முன்னே, மறுபக்கம் பின்னே என்று கொடுத்தால் இருந்த இடத்தில் திரும்பும். அதற்கான நெம்புகோல்கள் விமானியின் தலைக்கு மேலே, கூரையில் தொங்குகின்றன. பஸ் கம்பியைப் பிடித்து நிற்பவர்போலக் கையை உயர்த்தி அவர் மரத்தளத்தை நெருங்க, ஒரு பையன் கயிற்றோடு மிதவையில் தாவினான். சாயங்காலம் பார்த்தால், வேலை முடிந்த ஓட்டர்களுக்கு நல்ல தண்ணீர்க் குளியல். உப்பை ஒரு ராத்திரி விட்டுவைத்தாலும் உலோகத்தைத் தின்றுவிடும். இருட்டியபின் இவை பறப்பதில்லை.

இங்கே இது ஏன் இவ்வளவு சரியாகப் பொருந்தியது? 'அட்டோல்' என்ற சொல்லே உலகத்துக்கு மாலத்தீவின் திவேகி மொழி தந்தது. பவளப்பாறை வளையம் போட்டு, பெருங்கடலின் அலையை வெளியே உடைக்கிறது. உள்ளே குளம்போல நீர். திறந்த கடலின் அலையில் ஓட்டர் இறங்காது. திரும்பி வருகையில் எங்கள் விமானம் சங்குமுகம் பக்கம் தாழ்ந்தபோது கரையில் புரண்ட அலையைப் பார்த்தேன். அங்கே மிதவைக்கு வழியே இல்லை.

ஆனால் காயல்களும் ஏரிகளும் இருக்கின்றன. இரண்டாம் உலகப்போரில் சென்னைக்கருகே செங்குன்றம் ஏரியில் கேட்டலினா பறக்கும் படகுகள் இறங்கின. 2020 அக்டோபரில் மாலத்தீவிலிருந்து குஜராத் போன ஓர் ஓட்டர், எரிபொருளுக்காகக் கொச்சியின் வெண்டுருத்திக் காயலில் இறங்கியது. 2024 நவம்பரில் இன்னொன்று கொச்சியின் போல்காட்டியிலிருந்து மூணாறுக்குப் பக்கத்திலுள்ள மாட்டுப்பெட்டி அணைக்கே பறந்து காட்டியது. அதற்கு முன்பு 2013 ஜூனில் கொல்லத்து அஷ்டமுடிக் காயலில் கடல் விமானச் சேவைக்குத் தொடக்க விழா நடந்தது. மீனவர்களின் எதிர்ப்பால் அன்றைக்கு ஆலப்புழைப் பயணம் நடக்கவில்லை. வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்று அப்போது நானும் முணுமுணுத்தவன்தான். ஓட்டரில் ஒருமுறை உட்கார்ந்து வந்தபின் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. மாலத்தீவில் பவளப்பாறை எங்கே தலைநீட்டுகிறது என்பது விமானிக்கு மனப்பாடம். அது இடம் மாறாது. அஷ்டமுடியில் இன்று வலை எங்கே விரிந்திருக்கிறது என்பது, அதை விரித்தவருக்குத்தான் தெரியும்.