எட்டு நாளில் ஆறு நாடு: மத்திய ஆசியப் பயணக் கணக்கு

பிரதமரின் வெளிநாட்டுப் பயணத் திட்டத்தில் மாற்ற முடியாத தேதி ஒன்று அமைந்துவிட்டால், மற்றவை அனைத்தும் அதற்கு இணங்கியே ஆக வேண்டும். 2015 ஜூலை 6 முதல் 13 வரை நரேந்திர மோடி மேற்கொண்ட பயணம் இதற்குச் சான்று.

ரஷியாவின் உஃபா நகரில் ஜூலை 8 முதல் 10 வரை பிரிக்ஸ் மாநாடும் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் மாநாடும் அடுத்தடுத்து நடைபெற இருந்தன. அதைச் சுற்றியே மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகளும் பொருத்தப்பட்டன. மாநாட்டுக்கு முன் உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான். பின்னர் துர்க்மெனிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான். வரைபடத்தை மட்டும் பார்த்தால் இது சுற்றுவழி. கஜகஸ்தானுக்கு அண்டை நாடான கிர்கிஸ்தானுக்குச் செல்ல உஃபாவையும் அஷ்காபாத்தையும் கடக்க வேண்டியிருந்தது.

ஐந்து நாடுகளுக்கும் ஒரே பயணத்தில் சென்ற முதல் இந்தியப் பிரதமர் மோடிதான். இதற்கு முன் துர்க்மெனிஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் இந்தியப் பிரதமர் ஒருவர் சென்றது 1995-இல், நரசிம்ம ராவ் காலத்தில். தஜிகிஸ்தானுக்கு வாஜ்பாய் 2003-இல் சென்றார். தில்லியிலிருந்து சென்னையைவிட தாஷ்கண்ட் அருகில் உள்ளது என்பதை நினைத்தால் இந்த இடைவெளி வியப்பளிக்கும்.

நாட்டுக்கு ஓரிரு நாள் என்ற வேகத்தில் கிடைத்தது என்ன? கஜகஸ்தானுடன் 2015 முதல் 2019 வரை 5,000 டன் யுரேனியம் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. அணுமின் நிலையங்களுக்கு எரிபொருள் தேடும் நாட்டுக்கு இது உறுதியான ஆதாயம். தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி நினைவிடத்தில் அஞ்சலி, அஷ்காபாத்தில் யோகா மையம், பிஷ்கெக்கில் காந்தி சிலை, துஷான்பேயில் தாகூர் மார்பளவுச் சிலை என நல்லெண்ண நிகழ்ச்சிகளும் நடந்தன.

நாளேடுகளின் முதல் பக்கத்தைப் பிடித்ததோ உஃபாவில் ஜூலை 10-இல் பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீஃபுடன் நடந்த சந்திப்பு. அங்கு முடிவான தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்கள் பேச்சு ஆகஸ்டிலேயே ரத்தானது. ஷாங்காய் அமைப்பில் இந்தியாவைச் சேர்க்க உஃபாவில் தொடங்கிய நடவடிக்கை 2017-இல் முழு உறுப்பினர் தகுதியில் முடிந்தது.

பயணத்தால் தீர்க்க முடியாதது பாதைப் பிரச்னை. யுரேனியம் அன்றாடம் வர வேண்டிய சரக்கு அல்ல. எரிவாயு அப்படியல்ல; இடையறாத குழாய் அதற்குத் தேவை. துர்க்மெனிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வர வேண்டிய 'தாபி' குழாய்த் திட்டத்தின் தொடக்க விழா 2015 டிசம்பரில் மேரி நகரில் நடந்தது. குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ஹமீத் அன்சாரி அதில் பங்கேற்றார். ஆனால், அக்குழாய் இன்னும் இந்திய எல்லையை எட்டவில்லை.

பாகிஸ்தானைத் தவிர்க்கும் மாற்றுவழியாக ஈரானின் சாபஹார் துறைமுகத்துக்கு 2016 மே மாதம் உடன்பாடு ஏற்பட்டது. 2018 டிசம்பரில் அங்குள்ள முனையம் ஒன்றை இயக்கும் பொறுப்பை இந்திய நிறுவனம் ஏற்றது. ஈரான் மீதான அமெரிக்கத் தடைகள் அந்த வழியையும் எளிதாக விடவில்லை.

2022 ஜனவரி 27-இல் முதலாவது இந்திய - மத்திய ஆசிய உச்சி மாநாடு காணொலி வழியே நடந்தது. ஐந்து அதிபர்களுடனும் ஒரே நாளில், தில்லியில் இருந்தபடியே பிரதமர் பேசினார். பேச்சுக்கு இனி விமானமும் தேவையில்லை. சரக்குக்கு மட்டும் பாதை வேண்டும். எத்தனை நாடு, எத்தனை நாள் என்று அடுத்த பயணத்துக்குக் கணக்குப் போடுவோர், அதற்குமுன் விடை காண வேண்டிய கேள்வி இதுவே.