பழைய லொறி கொதிக்காமல் ஓடுவதற்கு

சிறுபோக நெல்லை ஏற்றும் காலத்தில்தான் சோளகமும் கடும் வெயிலும் சேர்ந்து வருகின்றன. இடம்பெயர்ந்த குடும்பங்கள் சில சேர்ந்து வைத்திருக்கும் பழைய லொறி வழியில் கொதித்து நின்றால் நெல்லும் நிற்கும், கூலியும் நிற்கும். சிலின்டர் ஹெட் வெடித்துவிட்டால் ஒரு போகத்தின் வருமானம் அதற்கே போய்விடும்.

வெயில்தான் காரணம் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் இந்த லொறி புதிதாக இருந்தபோதும் இதே வெயிலில்தான் ஓடியது. எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை நீர்தான் வெளியே கொண்டுசெல்ல வேண்டும். அதற்குத் தடையாக இருப்பவற்றை நாமே கண்டு நீக்கலாம்.

1. நீர்: சுண்ணாம்புத் தரைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிப்பதைக் காண்கிறோம். றேடியேற்றரின் குழாய்களிலும் அதுவே பிடித்து வெப்பத்தைத் தடுக்கிறது. மாரியில் சேமித்த மழைநீரை ஊற்றுவதே நல்லது.

2. காற்று: றேடியேற்றரின் தகடுகளில் உமியும் வைக்கோல் தூசும் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக நீர் பாய்ச்சிக் கழுவுங்கள்.

3. பெல்ற்: நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழ வேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் காற்றாடியும் நீர்ப் பம்பும் மெதுவாகவே சுற்றும்.

4. மூடி: சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால் நீர் ஏறக்குறைய 111 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். அதன் றப்பர் வாசர் பழுதானால் 100 பாகையிலேயே கொதித்துவிடும்.

5. ஓட்டம்: பாரம் ஏற்றி மணல் பாதையில் மெதுவாகப் போகும்போது, பின்காற்றும் அடித்தால் றேடியேற்றருக்குக் காற்றுக் கிடைக்காது. இடையிடையே லொறியைக் காற்றை நோக்கித் திருப்பி நிறுத்துங்கள். நீர் குறையாதிருந்தால் எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். காற்றாடி சூட்டைத் தணிக்கும். நீர் வெளியேறிவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

1990களில் எரிபொருள் தடையின்போது வடக்கில் பழைய பெற்றோல் எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அவை இடித்துச் சூடேறியது பலருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் எம்முடன் வந்த இளைஞர் ஒருவர் அவசரப்பட்டு, கொதிக்கும் றேடியேற்றரின் மூடியைத் திறந்தார். அமுக்கம் விட்டவுடன் நீர் ஆவியாகப் பாய்ந்து அவரது கையையும் நெஞ்சையும் அவித்தது. அந்த அறுவடைக்கு அவர் வரவில்லை.

ஆகவே மேல் றப்பர் குழாயில் கையை வைத்துப் பொறுக்கக்கூடியதாக ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். சூடான எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள்; வார்ப்பிரும்பு வெடித்துவிடும். ஆறிய பின் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

ஒயில் பால் நிறமாக மாறினாலோ, றேடியேற்றரில் இடைவிடாது குமிழிகள் வந்தாலோ ஹெட் காஸ்கற் பழுதாகியிருக்கலாம். அதற்கு மேல் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மற்றவற்றைப் பார்க்கக் காலையில் ஐந்து நிமிடம் போதும். புறப்படும்போது ஒரு கான் மழைநீரும் லொறியில் இருக்கட்டும்.