தண்ணீர் எப்போது ஏறுகிறது?

செய்து காட்டினால் போதும், குழந்தைக்குப் புரிந்துவிடும் என்ற நம்பிக்கையைச் சென்ற வாரம் தொட்டுவிட்டு நகர்ந்தோம். அதைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு செய்முறையையே எடுத்துக்கொள்வோம். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் சுருங்கி அணைகிறது. தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்று ஆசிரியர் சொல்ல, வகுப்பு கைதட்டுகிறது. பல நாட்டுப் பாடநூல்களில் நெடுங்காலம் இருந்த விளக்கம்தான் இது. ஆனால் தவறான விளக்கம்.

தவறு என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுடர் எரியும்வரை தண்ணீர் அதிகம் அசைவதில்லை. அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது. ஆக்சிஜன் செலவாவதுதான் காரணம் என்றால் எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டாமா? டம்ளரைக் கவிழ்க்கும்போது அதன் விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதையும் பார்க்கலாம். சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி அப்படித் தப்பிப் போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே மிஞ்சியது குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் செலவுக்கும் இதில் சிறு பங்கு உண்டு. ஆனால் செலவான ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு வந்துவிடுகிறது, சுடர் அணையும் நேரத்திலும் உள்ளே ஆக்சிஜன் நிறையவே மிச்சமிருக்கிறது. இன்னும் சந்தேகமா? அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்திகளை வையுங்கள். டம்ளர் அதேதான், ஆக்சிஜனும் அதே அளவுதான். தண்ணீர் மட்டும் முன்பைவிட மேலே ஏறும். ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி செய்து பார்க்கும் இந்த இரண்டாவது தடவைதான் பாடம். நம் வகுப்புகள் முதல் தடவையோடு கலைந்துவிடுகின்றன.

ஆகவே, குழந்தையின் கையில் பொருளைக் கொடுப்பதும் அறிவியல் கற்பிப்பதும் ஒன்றல்ல. இதற்கு நல்ல சான்று, டேவிட் கிளார், மிலேனா நிகாம் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு. மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகள் 112 பேர். சரிவுப் பலகையில் பந்தை உருட்டி, அது எவ்வளவு தூரம் ஓடும் என்பதை எது தீர்மானிக்கிறது என்று கண்டறிய வேண்டும்: பலகையின் சாய்வா, சொரசொரப்பா, உருளும் நீளமா, பந்தின் வகையா? ஒரு பிரிவினரைத் தாங்களே செய்து பார்க்கும்படி விட்டுவிட்டார்கள். இன்னொரு பிரிவினர் முன்னால், சாய்வையும் சொரசொரப்பையும் ஒருசேர மாற்றினால் எது காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்பது போன்ற கேள்விகளை எழுப்பி, விளக்கமும் தந்தார்கள். பிறகு இரு பிரிவினரும் சொந்தமாகச் சோதனை அமைத்தபோது, விளக்கம் பெற்றவர்களில் 77 சதவீதம் பேர் தேர்ச்சி காட்டினார்கள். தாமே கண்டுபிடிக்க விடப்பட்டவர்களில் 23 சதவீதம் பேர்தான். அந்த 23 சதவீதத்தினர் பின்னர் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. கண்டுபிடித்த குழந்தைக்குக் குறையொன்றுமில்லை. கண்டுபிடிக்காத பெரும்பான்மையைப் பற்றித்தான் கவலை.

அப்படியானால் ஆசிரியர் வாயால் விளக்கிவிட்டே போகலாமே, பலகையும் பந்தும் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த ஆய்வில் விளக்கம் நடந்ததே கண்முன் இருந்த பலகையை வைத்துத்தான். மெழுகுவர்த்திக் கதையும் இதையே சொல்கிறது: வாய் விளக்கத்தை மட்டும் நம்பியதால்தான் ஒரு பிழை தலைமுறைகளைக் கடந்து வந்தது. புத்தகம் சொல்வதைக் குழந்தை சரிபார்க்க வேண்டுமானால் பொருள் கையில் இருக்க வேண்டும்.

இப்படிச் செய்து பார்த்துக் கற்பித்தால் போர்ஷன் முடியாது, தேர்வுக்கு உதவாது என்ற ஆசிரியர்களின் முறையீட்டை அலட்சியப்படுத்த முடியாது. அதற்குக் காரியத்தில் பதில் சொன்னது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் நடந்த அறிவியல் கற்பித்தல் திட்டம். 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978இல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. மலிவான பொருள்களைக் கொண்டு சோதனைகள், ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி, அதோடு புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வும் செய்முறைத் தேர்வும். தேர்வைத் தொடாமல் பாடத்தை மட்டும் மாற்றியிருந்தால் ஓராண்டுகூடத் தாங்கியிருக்காது என்பது என் கணிப்பு. 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் நடந்த ஒன்றை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று தள்ளிவிட முடியுமா?

வெளியே அதிகம் சொல்லப்படாத தடை இன்னொன்று உண்டு. கையில் பொருள் இருக்கும் குழந்தை, ஆசிரியருக்குப் பதில் தெரியாத கேள்வியைக் கேட்டுவிடும். நாற்பது பிள்ளைகள் முன்னால் 'தெரியாது' என்று சொல்ல யாருக்கும் கூச்சம்தான். சோதனைப் பொருள்கள் உள்ள பெட்டியைப் பீரோவில் பூட்டிவைப்பது அதைவிடச் சுலபம். ஹோஷங்காபாத்தில் இதற்காகவே சவாலிராம் என்று ஒரு கற்பனை மனிதரை உண்டாக்கினார்கள். குழந்தைகள் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம். திட்டக்குழுவினர் அவர் பெயரில் பதில் எழுதுவார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்க வேண்டிய பாரம் ஆசிரியர் தலையிலிருந்து இறங்கியது. வகுப்பில் பதில் கிடைக்காத கேள்விக்கும் போய்ச்சேர ஒரு முகவரி இருந்தது.

(தொடரும்)