இறுவட்டிலிருந்து எழாத கணினி

மாணவன் ஒருவன் பல திங்கள் முயன்று எழுதிய ஆய்வுக் கட்டுரை அவனது கணினியின் வன்தட்டில் இருக்கின்றது. அதற்கு வேறு பிரதி இல்லை. ஒருநாட் காலை அக்கணினி இயங்க மறுக்கின்றது. அதனை எழுப்புதற்கென இறுவட்டு ஒன்றை இடுகின்றான். வட்டுச் சுழலும் ஒலி கேட்கின்றது. எனினும் திரையில் முன்னைய பிழைச்செய்தியே மீண்டும் தோன்றுகின்றது. இந்நிலையிற் பதற்றமுற்று, கண்டவற்றையெல்லாம் மாற்றி, ஈற்றில் வன்தட்டையும் அழித்து யாவற்றையும் புதிதாக நிறுவிக்கொண்டு, கட்டுரையை இழந்து நிற்போர் உளர். பழுது எவ்விடத்தது என ஒழுங்காக ஆராயும் முறையை அறிந்திருப்பின் இவ்விழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். அம்முறையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினி எழுதல் என்பது யாது? மின் பாய்ச்சிய கணத்தில் அதன் பிரதான நினைவகத்தில் இயங்கத்தக்க நிரல் எதுவுமில்லை. தாய்ப்பலகையிலுள்ள சிறு சில்லொன்றில் நிலையாகப் பதிக்கப்பட்ட நிரலே முதலில் இயங்குகின்றது. ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் வெளியிட்ட தனியாள் கணினியில் இது பயோஸ் எனப்பட்டது. இக்காலக் கணினிகளில் அதனிடத்தை யூ.ஈ.எப்.ஐ. பெற்றுள்ளது. இந்நிரல் உறுப்புக்களைச் சோதித்தபின், தனக்கு வகுக்கப்பட்ட வரிசைப்படி ஒவ்வொரு சாதனமாக நாடிச்சென்று எழுப்பு நிரல் உளதா எனப் பார்க்கின்றது. காணின் ஆட்சியை அதனிடம் ஒப்படைக்கின்றது. காணாவிடின் பெரும்பாலும் ஒன்றுஞ் சொல்லாது அடுத்த சாதனத்துக்குச் செல்கின்றது. ஆகவே, திரையில் நாம் காணும் செய்தி இறுதியில் நாடப்பட்ட வன்தட்டின் குறையைக் கூறுவதாயிருக்கலாம். இறுவட்டு ஏன் கைவிடப்பட்டது என்பதை அது கூறாது. செய்தியை மாத்திரம் நம்பிக் காரணந் துணிதல் தவறாகும்.

இறுவட்டிலிருந்து எழுதற்குரிய விதி 1995இல் பீனிக்ஸ், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்களால் வகுக்கப்பட்டது. எல் ரொறிற்றோ என்பது அதன் பெயர். வட்டின் 2048 பைற்றுக் கொண்ட துண்டங்களைப் பூச்சியம் முதலாக எண்ணின், 17ஆம் துண்டத்தில் எழுப்புப் பதிவு இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. எழுப்பு நிரலைத் தேடும் வழியை அப்பதிவே காட்டும். பலரும் இழைக்கும் பிழையொன்று இதனால் விளங்கும். இணையத்திற் பெற்ற ஐ.எஸ்.ஓ. கோப்பினை ஏனைய கோப்புக்களைப் போல வட்டில் எழுதிவிடின், அப்பதிவு கோப்பினுள்ளே புதைந்து கிடக்குமேயன்றித் தனக்குரிய துண்டத்தில் அமையாது. வட்டைத் திறந்தவிடத்து அவ்வொரு கோப்பு மாத்திரம் தோன்றின் பிழை இதுவே. அதனை வட்டுப் படிமமாக மீள எழுதுதல் வேண்டும்.

இனி, ஆராயும் ஒழுங்கைக் கூறுவாம். முதலாவதாக, இறுவட்டிலிருந்து எழுந்து பழகிய பிறிதொரு கணினியில் இவ்வட்டை இட்டுப் பார்த்தல் வேண்டும். அங்கும் எழாவிடின் குறை வட்டினது என ஐயுறலாம். அங்கு எழுமாயின் நமது கணினியையே ஆராய்தல் வேண்டும். இவ்வொரு சோதனையால் ஐயத்திற் பெரும்பகுதி நீங்கும்.

இரண்டாவதாக, எழுப்பும் வரிசையைப் பார்த்தல் வேண்டும். மின் பாய்ச்சியவுடன் எப் 12, எஸ்கேப் முதலிய சாவிகளுள் அவ்வியந்திரத்துக்கு உரியதை அழுத்தின் சாதனப் பட்டியல் தோன்றும். அதிற் செலுத்தியின் பெயரே இல்லையாயின் வடம் கழன்றிருக்கலாம். சில வட்டுக்கள் யாதேனுமொரு சாவியை அழுத்துமாறு கேட்டுச் சில வினாடியே காத்திருக்கும். அழுத்தத் தவறின் கணினி வன்தட்டுக்கே மீளும்.

மூன்றாவதாக, வாசிப்பு. சீ.டி.யை வாசிக்கும் இலேசர் ஒளியின் அலைநீளம் 780 நனோமீற்றர், டி.வி.டி.க்குரியது 650 நனோமீற்றர். ஆதலின் ஒருவகை வட்டை வாசிக்கும் செலுத்தி மற்றையதை வாசியாதிருத்தல் கூடும். வட்டிற் படிந்த தூசியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்தல் நன்று.

நான்காவதாக, பொருத்தம். 64 பிட் பணிசெயல் முறைமை 32 பிட் முறைவழியாக்கியில் இயங்காது. அன்றியும், 2012இன் பின் வந்த கணினிகள் பலவற்றிற் பாதுகாப்பு எழுப்பல் என்னும் ஏற்பாடு, ஏற்கப்பட்ட ஒப்பமில்லா நிரலைத் தடுக்கும். அதனை நிறுத்த முன்னர், வன்தட்டு மறைகுறியாக்கம் பெற்றுளதாயின் அதன் மீட்புச் சாவியைத் தேடி வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் கணினி அதனைக் கேட்டல் கூடும்.

இவற்றுள் எதனைச் செய்யினும் ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்க. செய்ததைக் குறித்து வைக்க. பல மருந்தை ஒருங்கே ஊட்டிய வைத்தியன், நோய் நீங்கினும் எம்மருந்தால் நீங்கிற்று என அறியான்.

முடிவாக, வட்டிலிருந்து கணினி எழுந்தவுடன் நிறுவுக என்னும் கட்டளையை அழுத்துதல் ஆகாது. நிறுவாமலே வட்டிலிருந்து இயங்கத்தக்க லினக்ஸ் முறைமைகள் பல உள. அவற்றுள் ஒன்றைக் கொண்டு வன்தட்டைத் திறந்து, கட்டுரையைப் பிறிதொரு சாதனத்திற் பிரதிசெய்தலே முதற்கடன்; பழுது நீக்குதல் அதன் பின்னரே. கணினியை மீண்டும் வாங்கலாம். சிந்தித்து எழுதியதை மீண்டும் அவ்வாறே எழுதுதல் அரிது.