வயலும் விரிவுரை மண்டபமும்

மட்டக்களப்பில் 'வேளாண்மை' என்றால் அது நெற்செய்கையையே குறிக்கும். போடியார், முல்லைக்காரர், வட்டை விதானையார் எனத் தலைமுறைகளாய் அத்தொழிலை வகுத்துக்கொண்ட மக்களின் நடுவே, 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி, வந்தாறுமூலை மகா வித்தியாலய வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. விஞ்ஞானமும் விவசாயமுமே அதன் முதற் பீடங்கள். 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நான்காண்டு நிறையுமுன் போர் மீண்டும் மூண்டது. வளாகம் அகதிகளின் புகலிடமாயிற்று. பாடம் நடத்தியோர் முகாம் நடத்தினர். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவத்தினர் அங்கிருந்து 158 பேரைக் கொண்டுசென்றனர்; அவர்கள் திரும்பவில்லை.

அதன் பின்னும் அவ்விடத்தில் வகுப்புக்கள் கூடின. ஊரின் தொழிலையே பாடமாகக் கொண்ட பல்கலைக்கழகத்தில் பணிபுரிவது எத்தகையது? விவசாய பீடத்து விரிவுரையாளரின் நிலையை நோக்குவோம்.

அவர் நூலிற் கற்ற மண் வேறு. எழுவான்கரையின் மணல்மண் வேறு. இங்கு பெய்த நீர் நில்லாது கீழிறங்கும். இட்ட பசளையையும் உடன்கொண்டு போகும். ஆதலின் பசளையை ஒரே முறையில் இடாது பகிர்ந்திடவும், எருவும் தழையும் சேர்த்து மண்ணில் ஈரம் நிற்கச் செய்யவும் அவர் கற்பிக்க வேண்டும். சொன்னாற் போதாது, பண்ணைப் பாத்தியிலே செய்து காட்ட வேண்டும். பயிர் வாடினால் அதனையும் மாணவர் பார்த்துக்கொண்டுதானே நிற்பர்!

மாணவருள் வயலையே மிதியாதவர் உளர். தந்தையோடு சூடடித்துப் பழகியவரும் உளர். பின்னவர் சில வேளைகளில் ஆசிரியரை மடக்குவதுண்டு; அது நல்லதே. விரிவுரை ஆங்கிலத்தில், வயலிலோ தமிழ். காலையில் நைதரசன் இழப்பை விளக்கியவர், மாலையில் ஒரு விவசாயியிடம், "பசளை தண்ணியோட கீழ போயிருது" என்று சொல்லவும் அறிந்திருத்தல் வேண்டும். அது மாட்டாதவர்க்கு எத்துணைப் பட்டமிருந்தும் இப்பணி அரைப்பணியே.

பண்ணைத் தொழிலாளரையும் மறத்தலாகாது. சம்பளப் பட்டியலிற் கடைசியில் நிற்பவர் அவர். நாற்றுக்கு நீர் வேண்டும் வேளையை முதலில் அறிபவரும் அவரே. மாணவர் அவரிடம் கற்பதைப் பரீட்சைத் தாள் கேட்பதில்லை.

பட்டம் பெற்றோர் பலர் அரசாங்க உத்தியோகத்தையே எதிர்பார்த்திருக்கின்றனர். மாணவன் ஒருவன் தந்தையின் வயலுக்கே திரும்பினான் என்று கேட்டு மகிழும் விரிவுரையாளர் உளர். அதே செய்தியைத் தலைகுனிந்து சொல்லும் பெற்றோரும் உளர்.