'கோ' போனால் 'வென்ட்' வரும்!
கந்தர்வக்கோட்டையில் இருந்து தினமும் தஞ்சைக்குப் போகிறீர்கள். ஆங்கிலத்தில் "ஐ கோ". நேற்றுப் போனதைச் சொன்னால், "ஐ வென்ட்"! 'கோ' எங்கே மறைந்தது?

'வென்ட்' அதன் சொந்தப் பிள்ளை அல்ல. பல நூறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு வினைச்சொல்லிடம் இருந்து வந்த தத்துப்பிள்ளை!

போவேன்: "ஐ வில் கோ".
அவர் போயிருக்கிறார்: "ஹி ஹேஸ் கான்".
போ: "கோ".
அவர் போகட்டும்: "லெட் ஹிம் கோ".
நான் போனால்: "இஃப் ஐ வென்ட்".

போகாத பயணத்துக்கும் இறந்தகாலச் சொல்லா? தமிழிலும் போனேன், போனால் என்றுதானே சொல்கிறோம்!

நம் 'வா' மட்டும் ஒழுங்கா? வருகிறேன், வந்தேன், வாருங்கள். இதை யாரும் மனப்பாடம் செய்யவில்லை. பேசிப் பேசியே வந்தது.

உங்கள் பிள்ளை 'வென்ட்' என்பதற்குப் பதில் 'கோட்' என்றால் அடிக்காதீர்கள். இங்கிலாந்துக் குழந்தைகளும் முதலில் அப்படிச் சொல்வது உண்டு!